தொடுவதாகத் தீர்மானிக்கப்பட்டது

அந்த ஆராய்ச்சி நிறுவனத்தின் வாசலில் இரண்டு பித்தளை உருண்டைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கும். ஒவ்வொன்றும் ஓர் ஆள் உயரம். தினமும் காலையில் ஒருவர் ஏணி போட்டு ஏறித் துடைப்பார். துடைப்பவருக்கு ஒரு மேற்பார்வையாளர் உண்டு. மேற்பார்வையாளருக்குத் தனி அறை உண்டு. ஆராய்ச்சி செய்பவர்களில் பாதிப் பேருக்கு மேசைகூடக் கிடையாது. பஸ் கண்டக்டர்கள் அந்த நிறுத்தத்தை 'ஜோடி, ஜோடி' என்றுதான் கூவுவார்கள்.

உருண்டைகளின் வரலாறு பெருமைக்குரியது. நம் உடம்பில் வேலை செய்யும் புரதம் ஒவ்வொன்றும் ஒரு நீளமான மணிமாலை. மணி என்பது அமினோ அமிலம். மாலை நீளவாக்கில் கிடப்பதில்லை. சுருண்டு மடங்கிப் பந்தாகிவிடும். அப்படி மடங்கும்போது, மாலையில் எங்கெங்கோ இருந்த மணிகள் பக்கத்தில் வந்து ஒன்றையொன்று தொடும். எது எதைத் தொடுகிறது என்று தெரிந்தால் பந்து எதனால் நிற்கிறது, எங்கே தளர்கிறது என்று தெரியும். தசைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக வலுவிழக்கச் செய்யும் ஒரு நோய் இருக்கிறது. அதற்குக் காரணமான புரதத்தில் குறிப்பிட்ட இரண்டு மணிகள் தொட்டுக்கொள்கின்றன என்று வெகுகாலம் முன்பு ஓர் இளைஞர் கண்டுபிடித்தார். அவர்தான் இப்போதைய இயக்குநர். அந்தத் தொடுகையால் அவருக்குப் பரிசு வந்தது. பரிசால் பதவி, பதவியால் கட்டடம், கட்டடத்தால் பித்தளை.

மணிகளின் தொடுகையைக் கணக்கிடும் வேலை 'புதுசு' என்று அழைக்கப்பட்ட பெண்ணுக்கு. அவள் அங்கே சேர்ந்து பல வருடங்கள் ஆகியிருந்தன. அவளுக்குப் பிறகு யாரையும் வேலைக்கு எடுக்காததால் பெயர் அவளிடமே தங்கிவிட்டது.

அவளுடைய வேலை எளிமையானது. புரதத்தின் படம் வரும். அதில் ஒவ்வோர் அணுவும் எங்கே இருக்கிறது என்று தெரியும். ஒவ்வொரு மணிக்கும் மற்ற மணிகளுக்கும் இடையே உள்ள தூரத்தை அவள் கணினியில் அளப்பாள். ஒரு மில்லிமீட்டரைக் கோடித் துண்டாக நறுக்கினால் கிடைக்கும் ஒரு துண்டுதான் அவளுக்கு அலகு. நாலரை அலகுக்குள் இருந்தால் தொடுகிறது. சதுரக் கட்டத்தில் ஒரு கறுப்புப் புள்ளி. அதைத் தாண்டினால் வெள்ளை. உலகத்தில் இந்த வேலை செய்கிறவர்கள் ஏறக்குறைய இப்படித்தான் செய்கிறார்கள். இதில் யாருக்கும் மனத்தாங்கல் வந்ததில்லை.

நிறுவனத்தின் வெள்ளிவிழாவை ஒட்டிப் புதிய படக்கருவி வாங்கினார்கள். பழைய கருவியின் படங்கள் கண்ணாடி போடாமல் பார்த்ததுபோல் இருக்கும். புதியதில் மணியின் விரல் நகம்வரை தெரிந்தது. முதல் மரியாதை ஜோடிக்கே என்று அந்தப் புரதத்தையே படம் எடுத்தார்கள். புதுசு அளந்து பார்த்தாள். ஜோடிக்குரிய கட்டம் வெள்ளையாக இருந்தது.

தன் மேல்தான் அவளுக்கு முதலில் சந்தேகம் வந்தது. கணக்கை அழித்து மறுபடி போட்டாள். பிறகு திரையில் பந்தைச் சுழற்றி, கண்ணாலேயே பார்த்தாள். இரண்டு மணிகளுக்கும் நடுவே பதினொரு அலகு இடைவெளி. அந்த இடைவெளியில் தண்ணீர் மூலக்கூறுகள் சாவகாசமாக நின்றிருந்தன. ஜோடியில் ஒரு மணிக்கு நீளமான கை உண்டு. பழைய மங்கலான படத்தில் அது இந்தப் பக்கம் நீள்வதாக நினைத்து வரைந்துவிட்டார்கள். உண்மையில் அது எதிர்ப்பக்கம் திரும்பி, ஓரத்தில் இருந்த, யாரும் சட்டை செய்யாத வேறொரு மணியைத் தொட்டுக்கொண்டிருந்தது.

அவள் படக்கருவியை இயக்குகிறவரிடம் போனாள். படக்காரர் என்றால் எல்லோருக்கும் தெரியும்.

"சார், இந்தப் படம் சரிதானே?"

"பிசிறில்லாத படம்மா. இதைவிட நல்லா எடுக்க முடியாது."

"அப்போ ஜோடி தொடலையே."

படக்காரர் திரையைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார். "நான் படம் எடுக்கிறவன். பார்க்கிறவன் இல்லை. எனக்குக் கல்யாண வயசுல ரெண்டு பொண்ணு இருக்கு."

துறைத் தலைவி பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்ததும் கதவைச் சாத்தினார்.

"தொடலைங்கறது ரொம்பக் கனமான வார்த்தை. 'தொடுதலை நோக்கிய நிலையில் உள்ளன'ன்னு சொல்லிப் பாருங்களேன்."

"பதினொரு அலகு மேடம். நடுவுல தண்ணி நிக்குது."

"தண்ணியா? அது யார் அனுமதியில உள்ளே வந்துச்சு?"

அவர் கேலிக்குக் கேட்கவில்லை. பதிலுக்காகப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

அன்று மாலை புதுசு வீட்டுக்குப் போனபோது அண்ணன் வழக்கத்துக்கு மாறாகச் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தி உட்கார்ந்திருந்தான். அவன் பஸ் ஓட்டுநராக இருந்தவன். அந்த நோய் அவன் கைகளில்தான் தொடங்கியது. ஒருநாள் கியர் மாற்றும்போது விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. இப்போது டிப்போவில் நேரம் குறிக்கும் வேலை. பொத்தான் போடத் தங்கை வேண்டும். அன்று அவனே போட்டிருந்தான், ஒன்று விட்டு ஒன்றாக.

"ஆஸ்பத்திரியில கூப்பிட்டாங்க. உங்க ஆபீஸ் மருந்தைச் சோதனை பண்ணப் போறாங்களாம். என்னைச் சேர்த்துக்கிட்டாங்க" என்றான். "உங்க ஜோடியைக் கெட்டியாப் பிடிச்சு வைக்கிற மருந்தாமே. பிடிச்சு வைக்கிறதுன்னாலே எனக்குப் பிடிக்கும். என் கையால ஆகாதது அது ஒண்ணுதான்."

"இப்போ சாப்பிடற மாத்திரை?"

"அதை நிறுத்தணுமாம். ரெண்டையும் சேர்த்துச் சாப்பிடக் கூடாதாம்."

அந்தப் பழைய மாத்திரை நோயைக் குணப்படுத்தாது. ஆனால் அதன் நடையைத் தளர்த்தும். அண்ணன் இன்னும் தன் கையாலேயே சாப்பிட்டுக்கொண்டிருந்தான் என்றால் அதனால்தான். புதுசு அவன் பொத்தான்களைச் சரிசெய்தாள். மருந்து போய் உட்காரவேண்டிய இடமே புரதத்தில் இல்லை என்பது அந்த வீட்டில் அவளுக்கு மட்டும் தெரிந்திருந்தது.

மறுநாள் அவள் மருந்துப் பிரிவில் விசாரித்தாள். எலிகளில் அந்த மருந்து வேலை செய்ததா என்று கேட்டாள். அங்கிருந்தவர் அறிக்கையைப் படித்துக் காட்டினார்: எலிகளின் ஒத்துழைப்பு திருப்திகரமாக இல்லை, எனினும் மருந்தின் நோக்கம் உயர்ந்தது.

இயக்குநர் அவளை அழைத்தபோது தேநீர் கொடுத்தார். அவர் யாருக்கும் தேநீர் கொடுத்துப் பார்த்ததில்லை என்பதால் வெளியே இருந்த உதவியாளர் எழுந்து நின்றுவிட்டார்.

"தொடுதல்னா என்னம்மா?" என்று தொடங்கினார். "நீங்க நாலரைங்கறீங்க. அந்த நாலரையை யார் வெச்சது? மனுஷன்தானே வெச்சான்? வெச்சவன் எடுக்கக் கூடாதா? நான் இந்த நாற்காலியில உட்கார்ந்திருக்கேன். ஏன் உட்கார்ந்திருக்கேன்? அது ரெண்டும் தொடுது, அதனால உட்கார்ந்திருக்கேன். நான் உட்கார்ந்திருக்கிறது உங்க கண்ணுக்குத் தெரியுதா இல்லையா?"

"தெரியுது சார்."

"அதைவிடப் பெரிய ஆதாரம் வேணுமா?"

"சார், மருந்தை ஆளுங்களுக்குக் கொடுக்கப் போறாங்க. அந்தக் கை ஓரத்து மணியைத்தான் தொடுது. மருந்தை அங்கே உட்கார்ற மாதிரி மாத்திப் பார்த்தா—"

"ஓரத்து மணிக்குப் பேர் இருக்கா?"

"இல்லை சார்."

"பேரில்லாத மணியை வெச்சு வெள்ளிவிழா கொண்டாட முடியாதும்மா. தேநீர் ஆறுது, குடிங்க."

ஆறுவதற்குள் தொடுகைத் தரநிர்ணயக் குழு அமைக்கப்பட்டுவிட்டது.

குழு கூடிய அறையில் ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. துணை இயக்குநர் தலைமை. துறைத் தலைவி உறுப்பினர். ஓய்வு பெற்ற ஆலோசகர் ஒருவரும் இருந்தார். எதைச் சொன்னாலும் தலையசைப்பதால் அவருக்கு ஆமாஞ்சாமி என்று பெயர். கணக்குப் போட்டுக் காட்டப் புதுசு ஓரமாக உட்கார்த்தப்பட்டிருந்தாள்.

"நாலரைங்கறது ரொம்பக் குறுகிய மனப்பான்மை" என்றார் துணை இயக்குநர். "பன்னிரண்டு ஆக்கலாம்."

ஏகமனதாக ஏற்கப்பட்டது. ஜோடி தொட்டுவிட்டது. புதுசு எழுந்திருக்கப் போனாள்.

"ஒரு நிமிஷம்" என்றார் துறைத் தலைவி. "என் முனைவர் பட்டத்துல நான் ஒரு ஜோடி சொல்லியிருந்தேன். அது இப்போ எப்படி இருக்கு?"

புதுசு பார்த்தாள். "பத்தொன்பது அலகு மேடம்."

"அப்போ இருபது வெச்சுக்கறது நல்லது."

துணை இயக்குநருக்கும் பழைய கட்டுரை ஒன்று இருந்தது. அதற்கு இருபத்தெட்டு தேவைப்பட்டது. அதுவரை பேசாத ஆமாஞ்சாமி தலையசைப்பதை நிறுத்திவிட்டு, தானும் ஒரு காலத்தில் ஒரு தொடுகையைக் கண்டுபிடித்ததாகச் சொன்னார். அது பந்தின் இந்தக் கோடியில் ஒரு மணி, அந்தக் கோடியில் ஒரு மணி. நாற்பது அலகு. வயதில் மூத்தவர், ஓய்வூதியத்தில் வாழ்கிறவர். அவரை மட்டும் விட்டுவிடுவது மனிதத்தன்மை ஆகாது என்று குழு கருதியது. தொடுதல் என்பது நாற்பது அலகு வரை என்று தீர்மானிக்கப்பட்டது.

புதுசு புதிய அளவைப் போட்டுக் கணினியை ஓடவிட்டாள். சதுரம் முழுக்கக் கறுப்பாக வந்தது. எல்லாம் எல்லாவற்றையும் தொட்டது. ஒரு வெள்ளைப் புள்ளிகூட மிச்சமில்லை. தார் பூசிய பலகைபோல் இருந்த அதைக் குழுவினர் வெகுநேரம் பார்த்தார்கள்.

"இவ்வளவு ஒற்றுமையான புரதத்தை நான் பார்த்ததே இல்லை" என்றார் ஆமாஞ்சாமி. அவர் கண் கலங்கியிருந்தது.

அந்த வாரமே சுற்றறிக்கை வந்தது. நிறுவன வளாகத்துக்குள் 'தூரம்' என்ற சொல் மனச்சோர்வை உண்டாக்குவதால், அதற்குப் பதில் 'முழுமையடையாத நெருக்கம்' என்றே சொல்லவேண்டும். சிற்றுண்டிச்சாலையில் வெளியூர் விருந்தினர் ஒருவர் கழிவறை எவ்வளவு தூரம் என்று கேட்டுவிட்டார். கேள்வியைத் திருத்திச் சொல்லும்வரை யாரும் வழி காட்டவில்லை. திருத்திச் சொன்னபோது அவருக்கு வழி தேவைப்படவில்லை.

வெள்ளிவிழாவுக்கு, மருந்துச் சோதனை நடத்தப்போகும் ஆஸ்பத்திரியின் நரம்பு டாக்டரும் வருவதாக இருந்தது. கறுப்புச் சதுரத்தை மேடையில் விளக்கும் பொறுப்பைப் புதுசுக்குக் கொடுத்தார்கள். அவளே விளக்கினால் இனி அவள் வாயால் வேறு வராது என்பது துணை இயக்குநரின் யோசனை.

விழாவுக்கு முந்தின மாலை அண்ணன் மாத்திரை டப்பாவைக் குப்பைக்கூடைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்திருந்தான்.

"நாளன்னைக்குத்தானே நிறுத்தணும்?" என்றாள்.

"ஒத்திகை" என்றான்.

அவள் அந்த டப்பாவை எடுத்துப் பழைய இடத்திலேயே வைத்தாள். அப்போதே முடிவு செய்துவிட்டாள். ஆனால் அவனிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. நானூறு பேர் முன்னால் சொல்வது அதைவிடச் சுலபமாகத் தோன்றியது.

அரங்கம் நிறைந்திருந்தது. இயக்குநரைப் பாராட்டித் துணை இயக்குநர் பேசினார், துணை இயக்குநரைப் பாராட்டி இயக்குநர் பேசினார். பிறகு புதுசு மேடையேறிக் கறுப்புச் சதுரத்தைத் திரையில் போட்டாள். கைதட்டல் எழுந்தது. அது அடங்கியதும் முன்வரிசையில் இருந்த டாக்டர் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"இதுல எது எதைத் தொடலை?" என்று கேட்டார்.

மேடையில் அமர்ந்திருந்த இயக்குநர் ஒலிவாங்கியை இழுத்துக்கொண்டார். "எதுவும் எதையும் தொடாம இல்லை."

"அப்போ இதைப் பார்த்து நான் என்ன தெரிஞ்சுக்கறது?"

"எதையும் தெரிஞ்சுக்கவேண்டிய அவசியம் இல்லாத அளவுக்கு எங்க ஆராய்ச்சி முன்னேறியிருக்குங்கறதைத் தெரிஞ்சுக்கலாம்."

மறுபடி கைதட்டல். டாக்டர் தட்டவில்லை. புதுசைப் பார்த்தார். "நீங்கதானே அளந்தது? நீங்க சொல்லுங்க."

புதுசு கறுப்புச் சதுரத்தை எடுத்துவிட்டு, புதிய கருவி எடுத்த படத்தைத் திரையில் போட்டாள். பந்தை மெதுவாகத் திருப்பினாள். பிரமாண்டமான திரையில் இரண்டு மணிகளும் நடுவே தண்ணீரும் தெளிவாகத் தெரிந்தன. பின்வரிசையில் யாரோ இருமியது முன்வரிசைவரை கேட்டது.

"இதுதான் ஜோடி. இதுங்க தொடலை. நடுவுல பதினொரு அலகு இருக்கு. தொடுதுங்கற வார்த்தையை இழுத்து இழுத்து நாற்பதுவரை கொண்டுபோனதால அந்தச் சதுரம் கறுத்துப் போச்சு. இந்தக் கை தொடறது இதோ, இந்த ஓரத்து மணியை. இப்போ இருக்கிற மருந்துக்குப் போய் உட்கார இடம் கிடையாது. இதுக்காக யாரும் பழைய மாத்திரையை நிறுத்தக் கூடாது."

"மின்சாரம்" என்றார் துணை இயக்குநர். யாரோ ஓடிப்போய் விளக்குகளை அணைத்தார்கள். அணைத்ததும் படம் இன்னும் பளிச்சென்று தெரிந்தது.

இருட்டில் இயக்குநரின் குரல் மட்டும் வந்தது. "உண்மைக்கு நான் எதிரி இல்லை. ஆனா உண்மை வரும்போது முன்கூட்டியே தகவல் சொல்லிட்டு வரணும். வாசல்ல அவ்வளவு பித்தளை இருக்கு. நாங்க அதை என்ன பண்றது?"

ஒலிவாங்கி அணைக்கப்படாதது அவருக்குத் தெரியாது.

அன்று மாலையே ஆஸ்பத்திரி சோதனையை நிறுத்தியது. அண்ணனுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டார்கள். புதுசு வீட்டுக்கு வந்தபோது அவன் இருட்டாகிக்கொண்டிருந்த கூடத்தில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தான்.

"நீதானா?" என்றான்.

"நான்தான்."

"கொஞ்ச நாளாவது நம்பிக்கிட்டு இருந்திருப்பேன்ல."

"அந்தக் கொஞ்ச நாள்ல உன் கை போயிருக்கும்."

"என் கை. என்கிட்ட முதல்ல சொல்லியிருக்கலாம். ஊருக்கெல்லாம் சொல்லிட்டு வீட்டுக்கு வர்றே."

அவன் சொன்னது சரி. இரண்டு நாள் அவன் அவளோடு பேசவில்லை. பொத்தானும் போடச் சொல்லவில்லை. திறந்த சட்டையோடே வேலைக்குப் போய்வந்தான்.

மூன்றாம் நாள் விசாரணைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அவள் கிளம்பும்போது அவனும் செருப்பை மாட்டினான். "கைதான் வரலை. கால் நல்லாத்தான் இருக்கு" என்றான்.

அவனை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு அவள் உள்ளே போனாள். அதே குழு, அதே அறை. குற்றச்சாட்டைத் துறைத் தலைவி படித்தார்: வெளியாளான மருத்துவருடன் அனுமதியற்ற தொடர்பு வைத்துக்கொண்டது.

"அந்த டாக்டரோட உங்களுக்கு எத்தனை நாளாத் தொடர்பு?" என்றார் துணை இயக்குநர்.

"அன்னைக்குத்தான் முதல்ல பார்த்தேன். அவங்க கேட்டாங்க, சொன்னேன். நான் மேடையில, அவங்க கீழே."

"எவ்வளவு தூரத்துல?" என்று கேட்டுவிட்டு அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். குறிப்பெடுப்பவர் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். தடை செய்த சொல்லை எழுதுவதா வேண்டாமா என்று அவருக்குப் புரியவில்லை.

"சார், உங்க தீர்மானப்படி நானும் அவங்களும் தொட்டுக்கிட்டுத்தான் இருந்தோம்" என்றாள் புதுசு. "நீங்களும்தான். அந்த அரங்கத்துல யாரும் யாரையும் தொடாம இல்லை. அனுமதி வாங்காதவங்க எல்லாரையும் விசாரிக்கணும்னா இயக்குநர்ல இருந்து தொடங்குங்க."

ஆமாஞ்சாமி பழக்கத்தில் தலையசைத்துவிட்டு, பக்கத்தில் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

சாட்சிக்குப் படக்காரரைக் கூப்பிட்டார்கள். கருவியில் கோளாறு இருந்தது என்று சொல்ல அவர் சம்மதித்திருந்தார். உள்ளே வந்து உட்கார்ந்தார். கேட்கப்பட்டது. அவர் தன் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கருவியில கோளாறு இல்லை" என்றார் கடைசியில். "நான் படத்தைப் பார்த்துட்டேன். விழாவுல அவ்வளவு பெரிசாப் போட்டா பார்க்காம எப்படி இருக்கிறது? அது தொடலை."

"உங்களுக்கு ரெண்டு பொண்ணுங்க இருக்காங்க" என்று துணை இயக்குநர் ஞாபகப்படுத்தினார்.

"அதுங்கதான் வீட்டுல கேக்குதுங்க, 'அப்பா, நீங்கதானே அந்தப் படத்தை எடுத்தீங்க'ன்னு."

குழுவினர் குசுகுசுவென்று பேசினார்கள். படக்காரரின் கருவிக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் கொடுப்பது என்று முடிவானது. கருவிக்கு யார் பதில் எழுதுவது என்பதற்குத் துணைக்குழு. பிறகு துறைத் தலைவி புதுசின் பக்கம் திரும்பினார். குரல் இதமாகிவிட்டது.

"உங்க மேல யாருக்கும் கோபம் இல்லை. தொடுதுன்னு நீங்க சொல்லவே வேண்டாம். 'தொடுதா தொடலையான்னு எனக்குத் தெரியலை'ன்னு ஒரு வரி சொல்லுங்க. வேலையில இருக்கலாம். நாங்களும்தான் அப்படிச் சொல்லிட்டு இருக்கோம்."

அது பொய்யில்லை. அவர் முகத்தில் அந்த ஒரு நொடி உண்மையான களைப்பு இருந்தது. புதுசுக்கு அவர்மேல் இரக்கம்கூட வந்தது.

"எனக்குத் தெரியும் மேடம்" என்றாள்.

"யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிக்க இதுல ஒண்ணுமில்லை. அளந்தேன். தொடலை. நாளைக்குக் கூப்பிட்டுக் கேட்டாலும் தொடலை. நீங்க நாற்பதை நானூறு ஆக்கினாலும் அது அங்கேயே, அப்படியேதான் நிக்கும்."

வேலை நீக்க உத்தரவு முன்பே தட்டச்சு செய்து வைக்கப்பட்டிருந்ததால் அதிக நேரம் ஆகவில்லை.

அவள் வெளியே வந்தாள். அண்ணன் பெஞ்சிலிருந்து எழுந்தான்.

"மன்னிப்புக் கேட்டியா?"

"இல்லை."

"அனுப்பிட்டாங்களா?"

"அனுப்பிட்டாங்க. டாக்டர் அம்மா திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்காங்க. ஆஸ்பத்திரியில ஒரு சின்ன ரூம் இருக்காம். ஜோடியில ஒண்ணோட கை தொடுதே, அந்த ஓரத்து மணியை வெச்சு முதல்ல இருந்து பார்க்கலாம்னாங்க."

இருவரும் நடந்து நிறுத்தத்துக்கு வந்தார்கள். பஸ் வரக் காணோம்.

"அந்த ஓரத்து மணியைக் கை நிஜமாவே தொடுதா?" என்றான்.

"தொடுது."

"அதுல இருந்து மருந்து வருமா?"

"தெரியலை. வரலாம். வந்தாலும் உனக்கு ஆகற காலத்துல வருமான்னு சொல்ல முடியாது."

"இந்த ஒரு இடத்திலயாவது கொஞ்சம் பொய் சொல்லக் கூடாதா?"

"சொல்லவா?"

அவன் யோசித்தான். "வேண்டாம்" என்றான்.

சட்டைப் பையிலிருந்து பழைய மாத்திரையை எடுத்தான். உறையைப் பிரிக்க விரல்கள் வரவில்லை. அவள் கையை நீட்டினாள். அவன் கொடுக்கவில்லை. பல்லால் கடித்துக் கிழித்து, மாத்திரையைத் தண்ணீர் இல்லாமலே விழுங்கினான். கசப்பில் முகம் கோணியது.

"திங்கட்கிழமை நேரத்தோட போய்ச் சேரு" என்றான்.